சார் தூங்கி எழும் வரை

சார் தூங்குகிறார். எழுப்பக் கூடாது. மத்தியானத் தூக்கத்தில் எழுப்பினால் பிரஷர் ஏறிவிடுமாம், அப்புறம் சாயங்கால ரயிலில் நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் ஆன்ட்டியின் உயிரை வாங்கிவிடுவாராம். இதைச் சொல்லி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும் வைத்துவிட்டு ஆன்ட்டி உள்ளே பெட்டி அடுக்கப் போய்விட்டார். தூங்கட்டும். தாராளமாகத் தூங்கட்டும். செண்பகவல்லிக்கு என்ன அவசரம்? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இன்றோடு விண்ணப்பக் கதவைச் சாத்தப் போகிறது, அவ்வளவுதானே. சார் எழுந்து, முகம் கழுவி, காபி குடிக்கும்வரை அங்கே இருப்பவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்களா என்ன. சோபாவின் நுனியில், பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்த ஆபீசில் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு வந்ததற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. உள் அறையிலிருந்து குறட்டை. அது ஏறும், ஏறிக்கொண்டே போகும், உச்சியில் போய் நின்றுவிடும். எழுந்துவிட்டார் என்று இவள் முதுகை நிமிர்த்துவாள். பொசுக்கென்று இறங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெரம்பூரில் இந்த இரண்டாவது மாடி வீட்டைக் கண்டுபிடிக்கப் பட்ட பாட்டுக்கு இவளும் இந்த சோபாவிலேயே சாய்ந்து ஒரு தூக்கம் போட்டால் என்ன என்று வந்தது. பால்கனியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள். எழுந்துபோய் அணைக்கலாமா, அடுத்தவர் வீட்டு ஸ்விட்ச்சில் கை வைக்கலாமா, வைத்தால் அந்தச் சத்தத்துக்குச் சார் எழுந்துவிடுவாரோ. எழுந்தால் நல்லதுதானே? ஆனால் பிரஷர். சரி, எரியட்டும்.

ஃபைலில் இருந்தது ஒரே ஒரு தாள். சாருடைய பரிந்துரைக் கடிதம். ஓவியத்தில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிற ஒருத்தியைப் பற்றி, அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தம் மனதில் பட்டதை எழுதி, தமக்கு வருகிற ஈமெயில் வழியாக நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். மாணவியின் கண்ணில் அது படவே கூடாது. இது அவர்கள் ஊர்ச் சட்டம். நம் ஊர்ச் சட்டம் வேறு. "நீயே எழுதி எடுத்துட்டு வந்துடும்மா, நான் கையெழுத்து போட்டுடறேன்." எந்தக் காலேஜுக்குப் போனாலும், எந்த வாத்தியாரைக் கேட்டாலும், இதே வாக்கியம், இதே தலையாட்டல். அருமைநாயகம் சாரும் அதைத்தான் சொன்னார். எழுதிக்கொண்டு வந்தாயிற்று. கையெழுத்து வாங்கி, போட்டோ பிடித்து, அவர் ஈமெயிலைத் திறந்து இவளே ஏற்றிக்கொள்ள வேண்டியது. பாஸ்வேர்டு கேட்டதும் மனுஷன் தயங்கவே இல்லை, பேரன் பெயரும் வீட்டு நம்பரும் என்று போனிலேயே சத்தமாகச் சொன்னார். இந்நேரம் பாதி பெரம்பூருக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் வேறு ஆள் செல்லிலிருந்து திறந்தால் அவர் செல்லுக்கு ஒரு ஓ.டி.பி. வருமே, அதை மட்டும் சொல்ல மாட்டாராம். "ஓ.டி.பி.யை யாருக்கும் போன்ல சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்கம்மா. நேர்ல வா." நேரில் சொல்லலாமாம். வீட்டுச் சாவியைத் தெருவில் போட்டுவிட்டுப் பூட்டைப் பத்திரமாகப் பீரோவில் வைக்கிற ஜாதி. அந்த ஓ.டி.பி. வரப்போகிற செல்போன் இப்போது எங்கே இருக்கிறது? சாரின் தலையணைக்கு அடியில். அதன் மேல் சார். சாருக்கு மேல் ஃபேன். சாயங்காலம் அந்த செல்போன் ரயிலேறிவிடும். அப்புறம் சிக்னல் கிடைத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் இவள் கதி போன வருஷத்துக் கதிதான். போன வருஷம் வாட்ஸப்பில் கேட்டாள். கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினார். அந்தக் கட்டைவிரலை நம்பி இவள் சும்மா இருந்தாள். மூன்று கடிதங்களில் இரண்டு போயிற்று, சாருடையது போகவே இல்லை. விண்ணப்பம் முழுமையாக இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. படங்களைப் பார்த்துவிட்டு, இது தேறாது, போ என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். பார்க்கவே இல்லையே, பாவிகள். கட்டைவிரலுக்கு ஒரு பரிந்துரை எழுதச் சொல்லியிருந்தால் அதையாவது இவள் எழுதித் தந்திருப்பாள்.

கடிதத்தை எழுதியது ஒரு தனிக் கழுத்தறுப்பு. தன்னைத் தானே புகழ வேண்டும், அதுவும் அறுபது வயது தாண்டிய ஒரு மனுஷனின் வாயால், அதுவும் இங்கிலீஷில். கோவில்பட்டியில் இவள் வீட்டுக்கு விருந்தாளி வந்து, குழம்பு பிரமாதம் என்று சொன்னால் போதும், அம்மா உடனே, "எங்க, இன்னைக்கி உப்பு கூடிப்போச்சி" என்பாள். உப்பு சரியாகத்தான் இருக்கும். அந்த வயிற்றில் பிறந்தவளைப் போய், உன் அபாரத் திறமையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் வர்ணி என்றால் எங்கே போவாள்? முதல் தடவை எழுதியதை ஹாஸ்டல் அறைத்தோழி சுபாஷிணி வாங்கிப் படித்துவிட்டு, "ஏய், இது பரிந்துரை மாதிரி இல்லடி, ஜாமீன் மனு மாதிரி இருக்கு" என்றாள். ரோஷம் வந்து இரண்டாவது தடவை வாரி இறைத்தாள். ஒளி என்றாள், ஆழம் என்றாள், தலைமுறைக்கு ஒருத்தி என்றாள். சுபாஷிணி அதையும் படித்தாள். "இப்ப கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கு. கீழ உன் போட்டோ மட்டும்தான் இல்ல." மிகச் சிறந்த மாணவிகளில் ஒருத்தி. ஒருத்தி என்றா போடுவது? மிகச் சிறந்த மாணவி என்றே போட்டால் யார் தடுக்கிறார்கள்? ஒருத்தரும் தடுக்காததுதான் பெரிய தொல்லையாக இருந்தது. யாராவது, ஏய் இது ஓவர் என்று கையைப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் தைரியமாக எழுதலாம். அப்புறம் ஒருநாள், சரி, சார் உண்மையாகவே எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவார் என்று யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சாரின் குரலை வரவழைத்துப் பார்த்தாள். குரல் வந்தது. சொல்வதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. நாலு வருஷப் படிப்பில் சார் இவளிடம் பேசியதெல்லாம், பேப்பரை நேரா ஒட்டு, கரி விரயம் பண்ணாதே, ஜன்னலைச் சாத்து. பிறகு அந்த ஒரே ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம் என்று இவள் தீர்மானித்துக்கொண்டு குதிரையைப் பற்றி நினைத்தாள். அது இதைவிட மோசம். சாருக்குப் போன் பண்ணி, சார், நான் செண்பகவல்லி, உங்க ஸ்டூடன்ட் என்று ஆரம்பித்ததும், எதிர்ப்பக்கம் டிவியில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், அப்புறம் சார் சந்தோஷமாக, "ஆங்! குதிரை வரையற பொண்ணுதானே?" என்றார். இல்லை. குதிரை வரைந்தவள் லட்சுமிப்ரபா. பாயும் குதிரை, படுத்த குதிரை, மூக்கில் நுரை தள்ளுகிற குதிரை, மூன்று வருஷம் குதிரைகளாக வரைந்து தள்ளியவள் லட்சுமிப்ரபா. இவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்ல சார், நான் நாற்காலி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி வேலை. ஆனால் அந்த ஒரு நொடியில் இவள் மூளை என்னென்னவோ கணக்குப் போட்டது, நாற்காலியா, எந்த நாற்காலி என்று கேட்டுவிட்டால், ஞாபகம் இல்லையேம்மா என்றுவிட்டால், ஞாபகம் இல்லாதவளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று அவர் நியாயமாகவே கேட்டுவிட்டால். "ஆமா சார்" என்றாள். ஆமா சார்! செருப்பால் அடித்தாலும் தகும். இப்போது இந்த வீட்டில் இவள் குதிரை. கதவைத் திறந்த ஆன்ட்டிகூட, "வாம்மா, சார் சொன்னாரு, குதிரையெல்லாம் தத்ரூபமா போடுவியாமே" என்றுதான் வரவேற்றார். அதற்கும் சிரித்துவைத்தாள். ஆனால் ஃபைலில் இருக்கிற கடிதத்தில், குதிரையின் வால்கூடக் கிடையாது. முழுக்க முழுக்க நாற்காலி.

நாற்காலி என்றால் நாம் தினமும் பார்க்கிற பிளாஸ்டிக் நாற்காலிதான். கல்யாண மண்டபத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்துக்குத்தாக நிற்குமே, கட்சிக் கூட்டம் முடிந்ததும் மைதானத்தில் கவிழ்ந்து கிடக்குமே, துக்க வீட்டு வாசலில் சாமியானாவுக்குக் கீழே ஆள் வராமல் காத்திருக்குமே, அது. முதலில் அதை வரைந்தது வேறு வழியில்லாமல். மாடலுக்கு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் மூக்கைச் சொரிவார்கள், போன் வரும், பஸ்ஸுக்கு நேரமாகும். நாற்காலிக்குப் பஸ் கிடையாது. அப்புறம் ஒரு கட்டத்தில் அதைவிட்டு வேறெதையும் வரையப் பிடிக்கவில்லை. ஒரு ஆள் எழுந்து போன பிறகு நாற்காலி நிற்கிற கோணத்தைப் பார்த்தே அவர் கோபமாக எழுந்தாரா, சாப்பிடக் கூப்பிட்டு எழுந்தாரா என்று சொல்லிவிடலாம். இதை விண்ணப்பத்தில் எழுதச் சொன்னால் அடையாளம், வெளி, இன்மை என்று அகராதியைப் புரட்டி எதையோ எழுதிவைத்தாள், அதை நினைத்தாலே இப்போது உடம்பு கூசியது. அம்மாதான் சரியாகக் கேட்டாள். "ஏட்டி, நாக்காலி வரையதுக்கா அம்புட்டு தூரம் போகப்போற? இங்க மண்டபத்துல கெடக்கே கொள்ளகொள்ளையா. சொந்தக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?" கம்ப்யூட்டர் படிக்கப் போறான்னு சொல்லும்மா. "கம்ப்யூட்டர்ல நாக்காலியா?" இவள் போனை வைத்துவிட்டாள். ஆபீசில் மட்டும் என்ன வாழ்கிறதாம். குழந்தைகளுக்கான கார்ட்டூன் கம்பெனி. அதில் ஒரு கரடி வரும். கரடிக்குப் பின்னால் ஒரு மரம் வரும். அந்த மரம் இவள். கரடி சிரித்தாலும் மரம், அழுதாலும் மரம், கரடிக்குக் கல்யாணமானாலும் அதே மரம். மாலையில் ஹாஸ்டலுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பேப்பர் கட்டை இழுத்து ஒரு நாற்காலி வரைந்தால்தான் கை தன் கையாகும். அந்தக் கட்டு இப்போது பெருத்துப்போய், கட்டிலுக்கு அடியில் நுழைய மாட்டேன் என்கிறது. பெருக்க வருகிற கன்னியம்மாக்கா தினமும் விளக்குமாறால் அதை இடித்துவிட்டு, "இத்த எப்பம்மா எடைக்குப் போடப்போறே?" என்று கேட்பார். போடலாம் என்றுதான் இருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. இந்த வருஷமும் விண்ணப்பம் அரைகுறையாகப் போய் நின்றால், கட்டைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, நிறுத்திவிடுவது. அழாமல், யாரிடமும் சண்டை போடாமல், பேசாமல் நிறுத்திவிடுவது. மரம் வரைவது, சம்பளம் வாங்குவது, அம்மா காட்டுகிறவனைப் பார்ப்பது. எவ்வளவு நிம்மதி.

போச்சுடா, வந்துவிட்டதா, நினைக்க வேண்டாம் என்று எவ்வளவு தூரம் சுற்றினாலும் அந்த வாக்கியத்தின் வாசலிலேயே வந்து நிற்கிறது இந்தப் பாழாய்ப்போன புத்தி. கடைசி வருஷம், ஒரு சாயங்காலம். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆண்டு விழா முடிந்து ஸ்டூடியோ மூலையில் குவித்திருந்த நாற்காலிகளை இவள் கரியால் வரைந்துகொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஸ்கூட்டர் சாவி சுழலுகிற சத்தம். சார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டுதான் நிற்பார். ஜன்னலைச் சாத்தச் சொல்லப்போகிறார் என்று இவள் காத்திருந்தாள். சாவி நின்றது. "நிறுத்திடாதே," என்றார் சார். "நீ நிறுத்தினா எனக்குக் கோபம் வரும்." அவ்வளவுதான், போய்விட்டார். இவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, மரம் வரைந்து வரைந்து கண் பூத்துப்போன நாட்களில், போன வருஷம் அந்த மின்னஞ்சல் வந்த அன்றைக்கு, தனக்கென்று இவள் வைத்திருந்தது அந்த ஒன்றுதான். யாரிடமும் சொன்னதில்லை, சுபாஷிணியிடம்கூட. சொன்னால் தேய்ந்துவிடும் என்று ஒரு பயம். அதைத்தான் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எடுத்துவைத்திருந்தாள். நிறுத்தாதே என்று நான் இவளிடம் ஒருமுறை சொன்னேன். நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும் என்றேன். கடிதத்திலேயே உண்மையானது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கூடிப்போன உப்பு. இப்போது தொல்லை என்னவென்றால், சார் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது, குதிரைப் பொய்யும் தப்பிக்கும், விண்ணப்பமும் போகும். படித்தால் குட்டு உடையும், மனுஷன் முறுக்கிக்கொண்டு, பொய் சொல்லி வந்த பொண்ணுக்கு எப்படிம்மா என்று பேனாவை மூடினாலும் மூடுவார். ஆக அவர் படிக்கவே கூடாது. ஆனால் படிக்காமல் போட்டால், அந்த வாக்கியத்தை அவரிடம் திருப்பிக் காட்டியும் அவர் பார்க்காமல் போன மாதிரி ஆகிவிடும். ஆக அவர் படிக்க வேண்டும். படித்தால் போச்சு. படிக்காவிட்டாலும் என்னமோ போச்சு. இப்படி மாறி மாறி நினைத்ததில் இவளுக்குத் தலையே வலித்தது. நாசமாய்ப்போக, மனுஷன் முதலில் எழுந்திருக்கட்டும்.

"டீ போடட்டுமாம்மா, காபியா?" ஆன்ட்டி ஒரு புடவையை மடித்தபடி வந்து நின்றார். எதுவும் வேண்டாம் ஆன்ட்டி. "சார் எழுந்துடுவாரு. டிசம்பர் வந்தா தூக்கம் ஜாஸ்தி." சரிங்க ஆன்ட்டி. "நீ யாரு பேட்ச்? ஒரு பொண்ணு வருமே, ஒல்லியா, ஸ்டீபன்னு ஒரு பையன்கூட..." அது லட்சுமிப்ரபா. நான் இல்லீங்க ஆன்ட்டி என்று வாயெடுத்தவள், ஒல்லியான பெண்தான் குதிரை, குதிரைதான் நான், அப்படியென்றால் அது நானேதான், ஸ்டீபனும் என்னுடையவன்தான் என்று கணக்குப் போட்டு, "உடம்பு போட்டுடுச்சு ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி இவளை மேலும் கீழும் பார்த்து, "கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். அடக் கடவுளே. கல்யாணமும் ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இந்த வீட்டில் இருந்தால் இரண்டு பிள்ளை பெற்றுவிடுவாள்.

எதிரே ஒரு நாற்காலி. வந்ததிலிருந்து அதுதான் எதிரே இருந்தது. காபி நிறம், கைவைத்தது, முதுகில் நீளமாக ஒரு விரிசல். விரிசலை யாரோ சூடான கம்பியால் இரு பக்கமும் துளை போட்டு நைலான் கயிற்றால் தைத்திருந்தார்கள், ஆபரேஷன் பண்ணின வயிறு மாதிரி. இஸ்திரிக்குப் போய் வந்த சட்டைகள் அதன்மேல் அடுக்கி இருந்தன. அடுக்கின் கனம் ஒரு பக்கமாக இருந்ததால் பின்னங்கால் ஒன்று லேசாக வெளியே விலகி, முழு நாற்காலியும் எதையோ ஒட்டுக் கேட்கிற மாதிரி அறைப்பக்கம் சாய்ந்திருந்தது. அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. இதில் சார்தான் உட்காருவார், வேறு யார் உட்கார்ந்தாலும் விலகின கால் காட்டிக்கொடுத்துவிடும், அதில் உட்காரப் பழகிய ஆளுக்குத்தான் உடம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியும். குறட்டை ஏறியது, நின்றது, இறங்கியது. கால் விலகுகிற இடத்தில் நிழல் இரண்டாகப் பிரிந்தது, ஒன்று நட்சத்திரத்தால், ஒன்று ஜன்னலால். முதுகுத் தையலில் ஆறாவது குத்து கோணல், தைத்தவருக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். மேல் சட்டையின் காலர் பிரிந்து தொங்கியது. போன வருஷ மின்னஞ்சல், அம்மா, கரடி, ஓ.டி.பி. எல்லாம் எங்கேயோ போயிருந்தன. அவை போயிருந்தது இவளுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கையில் பென்சில் இருந்தது, மடியில் ஃபைல் மேல் தாள் இருந்தது, தாளில் நாற்காலி இருந்தது. சரி. எந்தத் தாள்? இருந்ததே ஒரு தாள்தானே! ஐயையோ என்று திருப்பினாள். இந்தப் பக்கம் அருமைநாயகம் சார், மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு, செண்பகவல்லி என்ற தலைசிறந்த மாணவியைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவர் உட்காருகிற நாற்காலி. இப்படி ஒரு மூளைகெட்டவளுக்குப் பரிந்துரை ஒரு கேடா? இன்னொரு பிரின்ட் எடுக்க ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? ரப்பரால் அழித்தால் முன்பக்கம் கசங்கும். போட்டோவில் முன்பக்கம் மட்டும்தானே தெரியப்போகிறது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டிருக்கும்போது குறட்டை நின்றது. இவள் முதுகை நிமிர்த்தினாள். இறங்கவில்லை. கட்டில் முனகியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சார் லுங்கியும் பனியனுமாக, ஒரு பக்கக் கன்னத்தில் தலையணை வரியோடு வந்தார். முன்பைவிடச் சின்ன ஆளாகிவிட்டிருந்தார். "வாம்மா குதிரை! ரொம்ப நேரமாச்சா?" என்றவர் சட்டை அடுக்கை அப்படியே தூக்கி சோபாவில் வைத்துவிட்டு, உடம்பை லேசாக இடப்பக்கம் சாய்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கால் விலகவே இல்லை. இவளுக்கு அந்த நேரத்திலும் ஒரு அற்ப சந்தோஷம். தாளை நீட்டினாள். "எங்க போடணும்?" என்று கேட்டபடியே பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். கீழே சார், உங்க பேருக்கு மேல. பேனா இறங்கிவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை, காரியம் முடிந்தது, எல்லாம் முடிந்தது. "ஒரு தடவை படிச்சுட்டுப் போடுங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. யாரடா அது, பைத்தியம் என்று பார்த்தால் இவளே.

"நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்."

"பரவால்ல, படிங்க சார்."

கண்ணாடிக்கு ஆன்ட்டியைக் கூப்பிட்டார். கண்ணாடி வந்தது. படித்தார். உதடு அசைய, விரலை வரிக்குக் கீழே வைத்து. அபாரம் வந்த இடத்தில் புருவம் ஏறியது. பிறகு விரல் நின்றது. "நாற்காலின்னு இருக்கே?"

"குதிரை லட்சுமிப்ரபா சார். நான் நாற்காலி."

"அப்ப போன்ல ஆமான்னியே?"

"ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு சொல்லிட்டேன் சார்."

கோபிக்கவில்லை. இவளை ஒரு பார்வை பார்த்தார், அதில் இன்னும் ஞாபகம் ஒன்றும் வந்திருக்கவில்லை, திரும்பவும் விரலை வைத்துப் படித்தார். கடைசிப் பத்தி. அங்கே ரொம்ப நேரம் விரல் நின்றது. "இத எதுக்கும்மா போட்ட?" என்றார். "நீங்க சொன்னது சார்." "சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் சொல்வேனே. கடைசி வருஷம் ஒவ்வொரு பிள்ளை பின்னாடியும் போய் நின்னு இதைச் சொல்லிடறது. கோபம் வரும்னு சேர்த்துச் சொன்னா கொஞ்சம் பயம் இருக்கும்னு..." எல்லாருக்கும்! கல்யாண வீட்டு வாசலில் தாம்பூலப் பை கொடுக்கிற மாதிரி, போகிற ஆள் எல்லார் கையிலும் ஒன்று! அதையா இவள் இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்? சொன்னால் தேய்ந்துவிடும் என்று! லட்சுமிப்ரபாவிடம் ஒன்று இருக்கும், ஸ்டீபனிடம் ஒன்று இருக்கும், ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் இவளிடம் ஒன்று. எரிச்சலாக வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அழுகையாகிவிடும், அதற்குள் கையெழுத்தைப் போட்டுத் தொலையுங்கள் சார். ஆனால் சார் விடவில்லை, தூக்கம் கலைந்த ஆள் சாவகாசமாக விசாரித்தார். "லட்சுமிப்ரபா இப்ப என்ன வரையறா?" வரையறதில்ல சார், பேங்க்ல இருக்கா. "அந்த ஸ்டீபன்?" ரியல் எஸ்டேட் சார். "தட்சிணாமூர்த்தி நல்லா பண்ணுவானே?" ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கான் சார். ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினார், ஒவ்வொரு ம்மும் முந்தினதைவிடச் சின்னதாக வந்தது. கடைசியில் கையெழுத்துக்காகத் தாளை மடியில் சரியாக வைக்கப்போய், பின்பக்கம் ஏதோ கண்ணில் பட்டுத் திருப்பினார்.

பார்த்தார். குனிந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலைப் பார்த்தார். எழுந்து நின்று, திரும்பி, முதுகுத் தையலை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி தாளைப் பார்த்தார். "இந்தக் குத்துல எனக்கு ஊசி குத்திடுச்சு" என்றார். பிறகு, "இப்ப வரைஞ்சதா?"

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும்... சும்மா சார். தெரியாம பேப்பர்லயே..."

"நீ நிறுத்தலையா?"

கண்ணாடிக்கு மேலாக இவளைப் பார்த்துக் கேட்டார், கேட்ட விதத்தில் நம்பிக்கையே இல்லை. நிறுத்தத்தான் இருந்தேன், உங்களால்தான் போன வருஷம் போச்சு, இந்த வருஷமும் போனால் நாளைக்கே கட்டை எடைக்குப் போடுவதாக இருக்கிறேன் என்று எல்லாம் வரிசையாக வாய்வரை வந்து நின்றது. "இல்ல சார்" என்றாள், திட்டு வாங்கினவள் பதில் சொல்கிற மாதிரி, வெடுக்கென்று.

சார் உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டார். போட்டவர் பேனாவை எடுக்காமல், கையெழுத்துக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில், தமிழில் என்னவோ எழுதத் தொடங்கினார். "சார், சார்! ஒரே பிரின்ட் சார்! கடையெல்லாம் மூடியிருக்கு, அவங்களுக்குத் தமிழ் தெரியாதே சார்!" என்று இவள் பதறி எழுந்துவிட்டாள். "அவங்களுக்கு யாரு எழுதினா?" என்று சொல்லிக்கொண்டே முற்றுப்புள்ளி வைத்துத் தாளைக் கொடுத்தார். மேலே உள்ளதெல்லாம் இந்தப் பெண் எழுதியது, நான் எழுதுவது இது: இவள் நிறுத்தவில்லை. அருமைநாயகம். இரண்டாவதாக ஒரு கையெழுத்து வேறு.

இவள் திரும்ப உட்கார்ந்து, யாருக்கும் முகம் தெரியாமல் குனிந்துகொண்டு, செல்போனில் அவர் ஈமெயிலைத் திறந்தாள். பேரன் பெயர், வீட்டு நம்பர். உள் அறையில் தலையணைக்கு அடியில் என்னவோ சிணுங்கியது. ஆன்ட்டி கொண்டுவந்து கொடுக்க, சார் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, பேங்க் மேனேஜர் ஹாலில் ஒளிந்திருக்கிற மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். திறந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்தாள். ஓரங்களை வெட்டிக்கொள்ளச் சொல்லிக் கட்டம் ஒன்று வந்தது. கீழ் ஓரத்தை விரலால் பிடித்து மேலே இழுத்தாள். முதல் கையெழுத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினாள். அமெரிக்காவுக்கு அதுவரை போதும். அதற்குக் கீழே உள்ளது அவர்களுக்கில்லை.

"போயிடுச்சாம்மா?" என்றார் சார்.

"போயிடுச்சு சார்."

"காபி குடிச்சுட்டுப் போ. குதிரையெல்லாம் நல்லா இருந்தது" என்றார். உடனே, "ச்சே, நாற்காலி" என்று திருத்திக்கொண்டார். இவள் தாளை மடிக்காமல் ஃபைலில் வைத்தாள். கட்டில் அடியில் இருக்கிற கட்டு அதற்கு மேல் இடம் கொடுக்காது. கன்னியம்மாக்காவிடம் சொல்லி, ஹாஸ்டல் மச்சில் கட்டுக்கு ஒரு மூலை கேட்டு வாங்க வேண்டும்.